விளக்குமாற்றுக்குக் கூரியர் செலவா?

கூரியர் தம்பி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே சிவப்பு மையில் "உயிருள்ள செடி, இந்தப் பக்கம் மேல்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. அடியிலும் அதே வாசகம், அதே அம்புக்குறி. ஏற்கெனவே ஒரு தடவை ஊர் சுற்றி வந்த பெட்டி போல.

"எந்தப் பக்கம்க்கா மேல?"

எனக்கும் தெரியவில்லை. படுக்கவைத்தே வாங்கிக்கொண்டேன்.

உள்ளே ஈரச் சாக்குத் துணியில் சுற்றிய இருபது குச்சிகள். இலை என்று சொல்ல நான்கைந்துதான் இருந்தன, அவையும் வாடிப்போனவை. அடியில் கொத்தாகப் பழுப்பு வேர், அதில் ஒட்டிக்கொண்டு வந்த மணல். அம்மா அப்போது அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எட்டி, விளக்குமாத்தையா காசு குடுத்துக் கூரியர்ல வரவழைச்சே?"

அம்மாவின் உலகத்தில் செடி என்பது விலைக்கு வாங்குகிற பொருள் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு போத்து ஒடித்து வருவது, கல்யாணத்துக்குப் போன வீட்டுக் கொல்லையிலிருந்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருவது, கேட்கக் கூச்சமாக இருந்தால் கேட்காமலே ஒடித்து வருவது. திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்று ஒரு சாத்திரமே வைத்திருப்பவள். காசு கொடுத்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை, கண்ணால் பார்க்காமல் கொடுத்ததுதான் பொறுக்கவில்லை. "கத்திரிக்காயவே கையில எடுத்துப் பாக்காம வாங்க மாட்டே, இத எப்படி வாங்குன?"

நல்ல கேள்வி. சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடியின் பாதியை வைத்துக்கொண்டு, ஏழெட்டு வருடங்களாகக் கூரியரில் செடி வாங்கி, சாகடித்து, மறுபடி வாங்கிய பிறகு எனக்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. தக்காளி, வெண்டை, துளசி விதைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவை போனால் நாற்பது ரூபாயோடு போயிற்று. நான் சொல்வது மல்லி, பிச்சி, ரோஜா, சம்பங்கி, காந்தள் மாதிரி ஒரு தடவை வைத்தால் வருடக்கணக்கில் நம்மோடு இருக்கப் போகிற செடிகளை. அவற்றைக் குட்டியாக இருக்கும்போதே பெட்டிக்குள் வைத்து வரவழைப்பதைப் பற்றி.

ஏன், பக்கத்தில் நர்சரி இல்லையா என்று கேட்பீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆனால் அங்கே நிற்பதில் பெரும்பகுதி அங்கே பிறந்ததில்லை. ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்தும், ஓசூரிலிருந்தும், திருச்சூர் மண்ணுத்தியிலிருந்தும் லாரியில் வந்து இறங்கியது. அதுவும் பயணம் செய்து வந்த செடிதான், அந்தப் பயணத்தை நாம் பார்க்கவில்லை, அவ்வளவே. தவிர, சாலையோர நர்சரி பூவை விற்கும் இடம். அன்றைக்கு எது பூத்திருக்கிறதோ அதுதான் முன்வரிசை. நான் தேடிக்கொண்டிருந்த பிச்சியும் காக்கரட்டானும் எப்போது கேட்டாலும் "அடுத்த லோடுல வரும்மா." மூன்று வருடம் அந்த அடுத்த லோடுக்காகக் காத்திருந்தேன்.

முதன்முதலில் கூரியரில் வாங்கியது ரோஜா. அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மாம்பழத்தின் உட்சதை நிறத்தில் ஒரு ரோஜாவின் படத்தைப் போனில் பார்த்தேன். செடி 350 ரூபாய், கூரியர் 150. "பூவோடு அனுப்புவோம்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாகவே கேட்டுக்கொண்டேன். ஐந்தாவது நாள் பெட்டி வந்தது. சொன்னபடியே பூவோடு. ஆனால் பூ காம்பில் இல்லை, இதழ் இதழாகப் பெட்டியின் அடியில் கிடந்தது. இரண்டு மொட்டுகள் தலை தொங்கியிருந்தன. பாவம், களைத்து வந்திருக்கிறது என்று நினைத்து, இருந்ததிலேயே பெரிய தொட்டியில் வைத்தேன். நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து நகர்த்தினேன். தெம்புக்கு ஒரு கைப்பிடி டிஏபி என்ற ரசாயன உரம் போட்டேன். விருந்தாளியை அடித்துக் கொல்வதென்றால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

பெட்டிக்குள் குலுங்கி வந்த செடிக்கு மேலே தெரிகிற காயத்தைவிடக் கீழே தெரியாத காயம்தான் பெரிது. தண்ணீரை உறிஞ்சுகிற வேலையைச் செய்வது தடித்த வேர்கள் இல்லை. அவற்றின் நுனியில் மயிரிழை போல இருக்கும் மெல்லிய வேர்த்தூவிகள். தாய்மண் ஒரு தடவை உடைந்தால் முதலில் அறுந்துபோவது அவைதான். இந்தப் பக்கம் உறிஞ்ச ஆள் இல்லை, அந்தப் பக்கம் இலையும் பூவும் வெயிலில் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதன்மேல் நான் அந்த உப்பு உரத்தையும் கொட்டியாயிற்று. மண்ணில் உப்பு கூடினால் வேர் நீரை எடுப்பது இன்னும் கஷ்டம், சில சமயம் வேரிலிருக்கும் நீரையே மண் இழுத்துவிடும். பெரிய தொட்டியும் கெடுதல்தான். உறிஞ்ச வேர் இல்லாத அவ்வளவு மண்ணும் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். ஒரு வாரத்தில் இலை முழுக்கக் கொட்டியது. குச்சி மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே வந்தது.

அப்புறம் ஒரு அதிசயம். அடியிலிருந்து பச்சைப் பசேல் என்று ஒரு தளிர் வந்தது. பிழைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். என்ன வேகம்! ஆறு மாதத்தில் என் உயரத்துக்கு வளர்ந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கியது. முள் அப்படி. பூ மட்டும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு தை மாதம் வெளிறிய சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக வந்தன. மாம்பழ நிறம் எங்கே, இது எங்கே? எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவிடம் ஒரு கொத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "இது காட்டு ரோசும்மா. ஒட்டு செத்துப்போச்சு, நீங்க வேரை வளர்த்திருக்கீங்க."

கடையில் விற்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை இரண்டு செடிகள் சேர்ந்தவை. கீழே எந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கிற ஒரு முரட்டு ரகம், அதன்மேல் நமக்கு வேண்டிய ரகத்தின் ஒரே ஒரு மொட்டைச் செருகிக் கட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் தண்டு லேசாகப் புடைத்திருக்கும். புடைப்புக்கு மேலே வரும் தளிர்தான் நாம் காசு கொடுத்தது. கீழே வருவது வேர்ச்செடியின் தளிர், பார்த்தவுடன் அடியோடு கிள்ளிவிட வேண்டும். ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பி நல்ல தளிரை வெட்டியவர்கள் உண்டு. தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்று விரலால் மண்ணை விலக்கிப் பார்ப்பதுதான் பிசகாத வழி. இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தக் காட்டு ரோஜாவை இன்னும் இரண்டு வருடம் வைத்திருந்தேன். பிடுங்க மனசு வரவில்லை. அது என்ன தப்பு செய்தது?

அதற்கப்புறம் பெட்டிச் செடி வாங்கும்போது பூவையும் உயரத்தையும் கேட்பதை விட்டுவிட்டேன். வேரைப் பற்றி மட்டும் கேட்கிறேன். "எத்தனை மாதக் கன்று? சொந்த வேரா, ஒட்டா? மண்ணோடு அனுப்புவீர்களா, கழுவி அனுப்புவீர்களா?" பூத்த செடியும் பூக்காத சாண் உயரக் கன்றும் ஒரே விலைக்குக் கிடைத்தால் கன்றைத்தான் எடுப்பேன். இலை குறைவென்றால் வழியில் தாகமும் குறைவு. சின்ன வேர், சின்னத் தொட்டி, சீக்கிரம் புது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மூன்றடி உயரச் செடியை எட்டாக மடக்கிப் பெட்டியில் திணித்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். பிரித்தபோது அது நிமிரவே இல்லை, கடைசிவரை கேள்விக்குறி மாதிரியே நின்றது.

செடியை உயிரோடு தூரதேசம் அனுப்புவது ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்று தெரிந்தால் நம் கூரியர் கோபமெல்லாம் கொஞ்சம் தணியும். கப்பலின் மேல்தளத்தில் தொட்டியில் வைத்து அனுப்புவார்கள். உப்புக்காற்றும் குடிநீர்ப் பஞ்சமும் சேர்ந்து பெரும்பாலானவற்றை வழியிலேயே முடித்துவிடும். லண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். ஊரின் நிலக்கரிப் புகையில் அவர் ஆசையாக வளர்த்த பெரணிச் செடிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் வைத்திருந்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. பகலில் ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே வருகிறது, வெளித்தண்ணீரே வேண்டியதில்லை என்று புரிந்துகொண்டார். 1833இல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்கே அனுப்பினார். மாதக்கணக்கான கடல் பயணத்துக்குப் பிறகு உயிரோடு போய்ச் சேர்ந்தன. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சாரலுக்கு வந்தது அந்த மாதிரிப் பெட்டிகளில்தான்.

ஆனால் அந்தப் பெட்டிக்கும் ஒரு எல்லை இருந்தது, அது தெரிந்தது நம் நீலகிரிக்கு வந்த பார்சலில். மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனாக் கன்றுகளை 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய், அங்கிருந்து செங்கடல் வழியாக ஊட்டிக்குக் கொண்டுவந்தார். செங்கடலின் வெக்கையில் கன்றுகள் வெந்துபோயின. ஊட்டியில் இறக்கியபோது உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது, அப்புறம் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸும் ராபர்ட் கிராஸும் ஈக்வடாரில் சேகரித்த வேறொரு வகை மறுவருடம் வந்து சேர்ந்து நிலைத்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மூடிய பெட்டி ஈரத்தைக் காப்பாற்றும், சூட்டிலிருந்து காப்பாற்றாது. செங்கடலுக்குச் சொன்னது சித்திரை மாதத்தில் கூரியர் குடோனின் தகரக் கூரைக்கும் பொருந்தும். மே 4 தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் "பாதி விலைத் தள்ளுபடி" என்று செய்தி வந்தால் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அந்த மாதத்தில் ஏன் தள்ளுபடி தருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, விளக்குமாற்றுக்கு வருவோம்.

அந்த இருபது குச்சிகளும் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவை. பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போகும் வழியில் வரும் ஊர். மீன்பிடிக்குப் பேர்போன அந்தத் தீவில் மல்லி நாற்றும் ஒரு தொழில் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. ராமநாதபுரம் குண்டுமல்லி என்று ஒரு ரகம். தமிழ்நாட்டில் மல்லித் தோட்டம் போடுபவர்கள் தேடி வாங்குவது அதைத்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி ஊரெல்லாம் பேசப்படுகிறது, ஆனால் மல்லித் தோட்டங்களில் பல இந்தக் கடற்கரை மணலில் வேர்விட்ட குச்சியிலிருந்து தொடங்கியவை. மணலில் வளர்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. களிமண்ணில் வேர்விட்ட கன்றைப் பிடுங்கினால் பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். மணலில் என்றால் கையால் இழுத்தாலும் வேர் முழுசாக வந்துவிடும். தாய்மண்ணே இல்லாமல் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்ப முடிவது அதனால்தான். மண் இல்லாததால் எடையில்லை, எடையில்லாததால் செலவும் கம்மி. அப்படியும் என் இருபது குச்சிகளின் விலையைவிடக் கூரியர் கட்டணம்தான் அதிகம்.

குச்சிகளை அனுப்பிய தங்கச்சிமடத்துப் பெண்மணியிடம் போனில் பேசினேன். படம் ஏதாவது அனுப்புங்கள் என்றேன். "குச்சிக்கு என்னம்மா படம்? வேரு இருக்கு, வந்துரும். இலைய உருவிட்டுத்தான் கட்டுவோம், பயந்துராதீங்க. வந்தன்னைக்கே நட வேணாம், ஒரு மணி நேரம் தண்ணியில வேரை விட்டு வையுங்க." இதுவரை நான் கூரியரில் வாங்கிய எந்தச் செடிக்கும் கிடைக்காத வழிகாட்டி அது. பளபளக்கும் அட்டை, ரிப்பன், "உங்கள் பச்சைத் தோழன்" என்று பெயர் எழுதிய ஸ்டிக்கர் எல்லாம் போட்டு அனுப்புகிறவர்கள் இந்த நான்கு வரியைச் சொல்வதில்லை.

அவர் சொன்னபடியே செய்தேன். தண்ணீரில் ஒரு மணி நேரம். நசுங்கி ஒடிந்த வேரைக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கலந்து வேரை நனைத்தேன், அது என் சொந்தச் சேர்க்கை, அழுகல் பயம். பாதி செம்மண், கால் பங்கு மணல், கால் பங்கு மண்புழு உரம். சின்னப் பைகளில் பைக்கு ஒரு குச்சி. வேறு எந்த உரமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் வரிசையாக வைத்து, ஐந்தாறு குச்சிகளுக்கு அடி வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்தேன். டாக்டர் வார்டின் கண்ணாடிப் பெட்டிதான், எங்கள் வீட்டில் அது குளிர்பான பாட்டில். தினமும் சாயங்காலம் மூடியைத் திறந்து காற்று விடுவேன், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும்.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. எனக்கு அதுதான் வராது. தினம் இரண்டு தடவை போய் குச்சியை லேசாக அசைத்துப் பார்ப்பேன், வேர் பிடித்திருக்கிறதா என்று. அப்படி அசைப்பதே புதிதாக வருகிற தூவியை அறுப்பதாகும். அம்மாதான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "புள்ள தூங்குதா தூங்குதான்னு எழுப்பிப் பாக்குற மாதிரி இருக்கு." பன்னிரண்டாம் நாள் ஒரு கணுவில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை. சந்தேகம் வந்த குச்சிகளில் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பென்றால் போயிற்று. இருபதில் பதினேழு வந்தன. மூன்றாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயிலுக்கு நகர்த்தினேன். தோட்டத்தில் என்றால் செடிக்குச் செடி நான்கடி விட வேண்டும், மாடியில் அதெல்லாம் நடக்காது. ஆறு செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். அப்படிக் கொடுத்த பிறகுதான் அம்மா அந்தக் கூரியர் செலவை மன்னித்தாள்.

மல்லிக்குச் செய்ததை அடினியத்துக்குச் செய்யாதீர்கள். அடி பருத்த அந்தப் பாலைவன ரோஜாவும் மண்ணில்லாமல் காகிதத்தில் சுற்றித்தான் வரும், ஆனால் அதன் தண்ணீர் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. வந்தவுடன் தண்ணீரில் போட்டால் அறுந்த வேரின் வழியே அழுகல் உள்ளே ஏறிவிடும். நிழலில் மூன்று நான்கு நாள் சும்மா போட்டுக் காயம் ஆறவிட்டு, காய்ந்த கலவையில் நட்டு, அதற்கப்புறம்தான் தண்ணீர். தண்டு சுருங்கி, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் வெறும் தாகம், தேறிவிடும். கொழகொழவென்று விரல் இறங்கினால் பெட்டியைத் திறந்த அன்றே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கூரியருக்கென்றே பிறந்தவை கிழங்குகள்தான். குளிர்நாடுகளில் பல்லாண்டுச் செடிகள் பனிக்காலத்தில் மேலே வாடி மண்ணுக்கடியில் தூங்கும், அந்தத் தூக்கத்திலேயே அவற்றைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனால் நம் ஊரிலும் அப்படித் தூங்குகிற செடிகள் இருக்கின்றன, கோடையில். நம் மாநிலப் பூவான செங்காந்தளே அப்படித்தான். மழைக்கு முளைத்து, இலைநுனியால் பக்கத்துச் செடியைப் பற்றி ஏறி, கார்த்திகை வாக்கில் நெருப்பாகப் பூத்து, காய் முற்றியதும் கொடி முழுசாகக் காய்ந்து காணாமல் போய்விடும். செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், நான் ஒரு தடவை கொட்டியிருக்கிறேன். கிழங்கு கீழே உறங்கிக்கொண்டிருக்கும். ஏர் மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர், கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கொல்கிசின் மருந்துக்குப் போகிறது.

உறங்கும் கிழங்குக்குத் தண்ணீரும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். காய்ந்த மணலிலோ தென்னை நார்க் கழிவிலோ புதைத்து அனுப்பினால் பத்து நாள் ஆனாலும் கவலையில்லை. ஆனால் ஒன்று. முளைக்கும் கண் கிழங்கின் கூரான நுனியில் மட்டும்தான் இருக்கும். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. அந்த நுனி பெட்டிக்குள் இடித்து ஒடிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. எனக்கு வந்த நான்கில் இரண்டு நுனி ஒடிந்து வந்தன. விற்றவர் "பெரிய சைஸாப் பார்த்து அனுப்பினேன் சிஸ்டர்" என்றார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை விற்கிற பாதிப் பேர் பெட்டிமேல் எழுதுவதில்லை: காந்தளின் எல்லாப் பாகமும் கடும் நஞ்சு, கிழங்கில் அதிகம். பார்க்கச் சர்க்கரைவள்ளி மாதிரிதான் இருக்கும். பெட்டி வந்த அன்று அதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மா அதைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்த நொடியை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

நிலச்சம்பங்கிக் கிழங்கில் அந்தப் பயமெல்லாம் இல்லை. வெங்காயம் மாதிரி நிம்மதியான சாமான். தோண்டி ஒரு மாதம் நிழலில் ஆறவிட்ட கிழங்குதான் நன்றாக முளைக்கும் என்பதால் கூரியர் தாமதமானால்கூட இழப்பில்லை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் என்ற ஒற்றை அடுக்கு ரகம் என்னிடம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து நட்டால் போதும்.

விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை அரைகுறை. நல்லவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பணம் போட்டால் "திங்கள்கிழமை அனுப்புறேன்க்கா, ஞாயிறு குடோன்ல கெடக்கும்" என்று தானே சொன்ன ஒருவர் இருக்கிறார். இப்போது அவரிடம் செடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் போவேன். அப்புறம் நீல ரோஜா விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ரோஜாவுக்கு நீல நிறமியை உண்டாக்கும் திறன் இயற்கையில் கிடையாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் வருடக்கணக்கில் மரபணு வேலை செய்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நீல' ரோஜாவே பார்க்க இளம் ஊதாதான். அதை 99 ரூபாய்க்குக் குச்சியாகத் தருகிறேன் என்பவரிடம் என்ன பேசுவது? படத்தில் இருக்கும் செடியேதான் வருமா என்று கேட்டால் "படம் மாதிரிக்கு" என்பார்கள். அந்த 'மாதிரிக்கு' என்ற சொல்லுக்குள் ஒரு காடே ஒளிந்திருக்கிறது. பெட்டியைப் பிரிக்கும்போது விடியோ எடுத்தால்தான் மாற்றுச் செடி தருவோம் என்பது இப்போது எல்லோரும் போடும் நிபந்தனை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டு "செத்து வந்தது" என்று படம் அனுப்புகிறவர்களும் நம்மில் இருக்கத்தானே செய்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் தோழிகள் "ரெண்டு மல்லிக் குச்சி அனுப்பேன்" என்பார்கள். மாட்டேன் என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் செடி போக, நோய் இல்லை என்ற அரசுச் சான்று வேண்டும், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விதிகள் வேறு. மண்ணோடு என்ன புழு போகும், என்ன பூசணம் போகும் என்று யாருக்குத் தெரியும். உள்ளூரிலேயே புதிதாக வரும் எந்தச் செடியையும் பழைய செடிகளோடு உடனே சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வைப்பேன். மாவுப்பூச்சி ஒரு தடவை பெட்டி ஏறி வந்து என் செம்பருத்தியை ஒரு வழியாக்கிய பிறகு வந்த புத்தி.

நவம்பர் கடைசியில் மல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் பங்குனியில் மொட்டு பிடிக்கும். போன நவம்பரில் மழை விட்ட ஒரு காலையில் ஆறு செடிகளையும் வெட்டினேன். கை கொள்ளாத குச்சிகள். குப்பையில் போட மனசில்லை. கோயம்புத்தூரில் ஒரு தெரிந்த பெண், புதிதாகத் தோட்டம் போடுகிறாள், மல்லி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல்முறையாக நான் அனுப்புகிற பக்கம் நின்றேன். மூன்று கணு இருக்கும்படி முக்கால் அடித் துண்டுகளாக நறுக்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பாலிதீன், அதன்மேல் அட்டைப்பெட்டி. திங்கட்கிழமையாகப் பார்த்துக் கூரியரில் போட்டேன். பெட்டியின் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அம்புக்குறி வரைந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை மதியம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. தரையில் செய்தித்தாள் விரித்து, முப்பது மொட்டைக் குச்சிகளை வரிசையாக அடுக்கியிருந்தாள். கீழே ஒரு வரி: "அக்கா, இதுல எது மேல் பக்கம்?"

சாய்வாக வெட்டியிருக்கும் முனை கீழே, நேராக வெட்டியது மேலே, அதுதான் வழக்கம் என்று எழுதினேன்.

இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "ரெண்டு பக்கமும் சாய்வாத்தான் இருக்கு."

அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் வெட்டித் தள்ளியிருக்கிறேன். அப்புறம் வீடியோ காலில் உட்கார்ந்து, குச்சி குச்சியாகப் போனுக்கு அருகில் காட்டச் சொல்லி, கணுவில் உதிர்ந்த இலையின் தழும்பு எங்கே, மொட்டு எங்கே என்று தேடினோம். தழும்புக்கு மேல்தான் மொட்டு இருக்கும். முப்பது குச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் புள்ளைட்ட சொல்லு, எல்லாத்தையும் படுக்கப்போட்டுப் பொதைக்கச் சொல்லு, மேல வாறது மேல வரும்" என்றாள்.